மூன்றாம் வரி: பெங்களூரில் தங்கவயலின் பழைய படங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

கோலார் தங்கவயலின் பழைய படங்களைத் தேடிப் போனால் முதலில் சிக்குவது இயந்திரங்கள்தான். தாதுவை இடித்து நொறுக்கும் ஸ்டாம்ப் மில், கொதிகலன், ஆளையும் தாதுவையும் மேலே இழுக்கும் வைண்டர், ஷாஃப்டின், அதாவது சுரங்கக் குழியின், தலைமேல் நிற்கும் சக்கரக் கோபுரம். அடுத்து கிளப், மேலாளர் பங்களா, டென்னிஸ் மைதானம். மனிதர்களும் வருவார்கள். கொதிகலன் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக அதன் பக்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களாக வருவார்கள்.

இதில் புதிர் ஒன்றுமில்லை. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தங்கவயலில் கால் வைத்ததிலிருந்து சுரங்கத்தில் போட்ட பணம் லண்டனிலிருந்து வந்தது. பணம் போட்டவருக்குக் காட்ட இயந்திரத்தின் படம் போதும். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் தங்கள் ஊருக்கு அனுப்பப் போஸ்ட்கார்டு வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது தாங்கள் இருக்கும் இடத்தின் தோற்றம். எடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பாறை உடைத்தவரின் பெயர் தேவைப்படவில்லை.

அந்தப் படங்களைப் பாறை உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னால் மாட்டினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வின் பொருள். இடம், பெங்களூர் அல்சூர் பக்கம் ஒரு வாடகை மண்டபம். நடத்தியவர்கள், தங்கவயலிலிருந்து குடிபெயர்ந்த சில தமிழ்க் குடும்பங்கள். படங்களின் காலம் 1880களிலிருந்து 1930கள் வரை. படவிளக்கங்களுக்குப் பொறுப்பேற்ற சிறு குழுவில் நானும் இருந்தேன்.

பெங்களூரில் ஏன், தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலேயே வைத்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். படங்கள் இங்கேதான் இருக்கின்றன. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்பும் வாழ்க்கை ஒரு தலைமுறைக்கே பழகிப்போனது. ஏறி இறங்கிக் களைத்தவர்கள் லிங்கராஜபுரம், கே.ஆர்.புரம், ஆஸ்டின் டவுன் என்று தங்கிவிட்டார்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியும் கூடவே வந்துவிட்டது.

வந்து சேர்ந்தவை

படங்கள் மூன்று வழியாக வந்தன. ஒன்று, போஸ்ட்கார்டுகள். இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட கார்டுகள் அங்கே பரண்களில் கிடந்து, விற்பனைக்கு வந்து, பெங்களூரின் சேகரிப்பாளர்கள் ஏலத்தில் எடுத்தவை. இரண்டு, கம்பெனி ஆல்பங்களிலிருந்து கழன்ற பக்கங்கள்; ஓய்வுபெற்ற அதிகாரிகளின் வீடுகளிலிருந்து கிடைத்தன. மூன்று, தொழிலாளர் குடும்பங்களின் சொந்தப் படங்கள்.

மூன்றாவது வகைதான் எண்ணிக்கையில் குறைவு, சேதத்தில் அதிகம். கறையான், வெள்ளிப்பூச்சி, லைன் வீட்டுக் கூரையின் (தொழிலாளர் வரிசை வீடு) ஒழுகல் இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது லேமினேஷன். 1990களில் கடைத்தெருவில் லேமினேஷன் மலிவாகக் கிடைத்தபோது, பத்திரப்படுத்துகிறோம் என்று நினைத்துப் பல குடும்பங்கள் பழைய அச்சுகளைச் சூடான பிளாஸ்டிக்குக்குள் வைத்துவிட்டன. அதைப் பிரித்தால் படமும் கூடவே உரிந்து வரும். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி உள்ளே ஒட்டும் ஆல்பங்களும் இதே வேலையை மெதுவாகச் செய்தன. உண்மையில் நன்றாகத் தப்பிப் பிழைத்தவை, யாரும் கவனிக்காமல் பழைய கெட்டி அட்டையோடு துணிக்கடியில் கிடந்தவை.

வாங்கிய அன்றே திருப்பிக் கொடுப்பது என்பதில் குழு கறாராக இருந்தது. வீட்டிலேயே உட்கார்ந்து ஸ்கேன் செய்தோம். முன்பக்கம் 600 டிபிஐ, சிறிய படமானால் 1200. பின்பக்கத்தையும் விடவில்லை. ஸ்டுடியோ முத்திரை, பென்சில் கிறுக்கல், கடைக்காரரின் விலை என்று பின்பக்கம் பேசுகிற அளவுக்குப் பல நேரம் முன்பக்கம் பேசுவதில்லை.

மூலப் படங்களில் மிகச் சிலவற்றை மட்டும் தனி மேசையில், 50 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்தோம். பழைய அச்சுகளுக்கு அதற்கு மேல் ஆகாது. “இருட்டா இருக்குது, ஒண்ணுமே தெரியல” என்று பெரியவர்கள் சலித்துக்கொண்டார்கள். அவர்களுக்காகவே மற்றவை எல்லாம் பெரிதாக்கிய பிரதிகளாக நல்ல வெளிச்சத்தில் தொங்கின. நகலைத் தொடலாம், விரலால் சுட்டலாம், முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கலாம். இப்படிப்பட்ட கண்காட்சிக்கு இது மூலத்தைவிட முக்கியம் என்பேன்.

மேடு இல்லாத ஊர்

தேதி எழுதிய படம் அபூர்வம். எனவே படத்துக்குள்ளேயே சாட்சி தேட வேண்டியிருந்தது. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, சுரங்கப் பகுதிக்கு ரயில் கிளை வந்தது 1894-இல். தண்டவாளமோ ரயில் நிலையமோ தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது. சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பியில் பயணம் செய்து தங்கவயலை எட்டியது 1902 ஜூன் மாதக் கடைசியில். பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதன்பிறகு, 1905-இல்தான். இந்த ஒரு தகவலுக்காகவே பெங்களூர்க்காரர்கள் சிலர் அந்தப் பலகை முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். லவெல் சாலையில் தினமும் போகிறவர்களுக்கு, அந்த லவெல் 1870களில் கோலாரில் சுரங்க உரிமை வாங்கியவர் என்பதும் புதிய செய்தி.

ஆனால் கம்பம் தெரிந்தால் மின்சாரம் வந்துவிட்டது என்று எழுதிவிட முடியாது. அது தந்திக் கம்பமாக இருக்கலாம். புகைபோக்கியில் புகை வந்தால் மின்சாரத்துக்கு முந்தியது என்றும் சொல்ல முடியாது. நீராவி ஒரே நாளில் ஓய்வு பெற்றுவிடவில்லை. சுவரில் பல்பு மாட்டும் தாங்கி, கூரை ஓரம் ஓடும் ஒயர் இவற்றை நம்பினோம். காகிதமும் கொஞ்சம் சொல்லும். மெல்லிய தாள், பழுப்பேறிய வெள்ளைப் பகுதி, பூதக்கண்ணாடியில் தெரியும் நுண்ணிய வெடிப்பு என்றால் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் அச்சு. 1890களில் அது வழக்கொழியத் தொடங்கியது. கறுப்புப் பகுதியின் ஓரத்தில் நீலமாய் வெள்ளி மினுங்கினால் அதற்குப் பின்வந்த ஜெலட்டின் அச்சு.

எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது சயனைடு மேடு. தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்து, மிச்ச மணலைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. இன்று ஊர் முழுக்க அந்த மேடுகளில் 3 கோடி டன்னுக்கும் அதிகமான கழிவு நிற்கிறது. சயனைடு முறைக்கு ஸ்காட்லாந்தில் காப்புரிமை வாங்கப்பட்டதே 1887-இல். எனவே மேடு நிற்க வேண்டிய திசையைப் பார்த்து எடுத்த படத்தில் வெறும் வானம் தெரிந்தால், அது மிகப் பழைய படம்.

சுரங்கத்துக்குள் மரத் தாங்கல் கட்டும் டிம்பர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அப்படி ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். தங்கவயலின் சுரங்கங்களில் ஒன்றான சாம்பியன் ரீஃபின் படம் அது.

“மேடு எங்கப்பா?”

“அப்போ மேடு வரலைங்க தாத்தா.”

“மேடு இல்லாம எப்படி சாம்பியன் ரீஃப்? இது வேற ஊரு. பேரை மாத்திப் போட்டிருக்கீங்க.”

அவரை நாங்கள் சம்மதிக்க வைக்கவில்லை. வைக்க முயலவும் கூடாது என்று நினைக்கிறேன். அவர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய இடத்தைத் தன் நினைவால் அளந்து பார்த்தார். தங்கவயல்காரர்களின் நினைவு மேட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே படத்தின் கீழ் எழுதினோம். எங்கள் கணிப்பும் பக்கத்திலேயே இருந்தது.

பெயர்ப் பலகைச் சண்டை

கண்காட்சிக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் திறப்பு விழாவுக்கு முன்பே கசப்பு வந்துவிட்டது. ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று வைக்க ஒரு சாரார் விரும்பினார்கள். பத்திரிகைகள் எழுதி எழுதிப் பழகிய பெயர், கூட்டம் வரும். எனக்கு அது ஒப்பவில்லை. கிளப்புக்குள் போக முடிந்தவர்களுக்கு அது இங்கிலாந்து. மூங்கில் தட்டி லைனில் குடியிருந்தவருக்கு, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் வந்த பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களுக்கு, எந்த இங்கிலாந்து?

விவாதத்தை முடித்து வைத்தவர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்து அக்கா ஒருவர். “லிட்டில் இங்கிலாந்து வேணாம், சரி. அதுக்காக எங்க அப்பா டான்ஸ் ஆடின படத்தைக் கழட்டிராதீங்க தம்பி. நாங்களும் அந்த ஊருதான்.” அது நியாயம். படம் மாட்டப்பட்டது. பலகையில் ‘தங்கவயல்: பழைய படங்கள்’ என்று மட்டும் எழுதினோம். கன்னடம் முதலில், அடுத்து தமிழ், அடுத்து ஆங்கிலம். ‘கே.ஜி.எஃப்’ சினிமா பார்த்துவிட்டு வந்த இளைஞர்களுக்கு இந்தப் பெயர் சப்பென்றுதான் இருந்திருக்கும்.

மூன்று வரி

கம்பெனி ஆல்பப் பக்கம் ஒன்றில் பங்களா வாசலில் மேலாளர் குடும்பம். கீழே அழகான கையெழுத்தில் குடும்பத்தார் பெயர்கள், நாயின் பெயர் உட்பட. நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தலைப்பாகையோடு ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பெயர் இல்லை.

இந்தப் பக்கத்தை அப்படியே மாட்டினால் நாமும் அதே பட்டியலைத்தான் திரும்பச் சொல்கிறோம். அழித்துவிட்டு மாட்டினால் பொய். இதற்காகத்தான் மூன்று வரி முறை வந்தது. முதல் வரியில் மூலப்படத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது, மாற்றமின்றி. இரண்டாம் வரியில் குழுவின் கணிப்பும் அதற்கான காரணமும். மூன்றாம் வரி காலி. பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். வருகிறவர் தெரிந்ததை எழுதலாம், தன் பெயரையும் உறவையும் சேர்த்து. எழுத வராதவருக்கு எழுதிக்கொடுக்க இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் நின்றார்கள்.

முதல் நாள் காலை ஒருவரும் எழுதவில்லை. மாட்டியிருக்கிற பொருளின் மேல் எழுதலாமா என்ற தயக்கம். மதியத்துக்கு மேல் ஒரு அம்மாள் தங்கவயலின் ஊர்காம் ரயில் நிலையப் படத்தின் கீழ், தன் பாட்டி அங்கே கொய்யாப்பழம் விற்றதாக எழுதவைத்தார். பாட்டி அந்தப் படத்தில் இல்லை. இருந்தாலும் அந்த வரியைப் படித்தவர்கள் அடுத்தடுத்து எழுதத் தொடங்கினார்கள். ஷிஃப்ட் சங்கு எந்தப் பக்கமிருந்து கேட்கும், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், எந்த மேஸ்திரி கையூட்டு வாங்கினார், எந்த லைனில் அம்மன் வைத்தார்கள்.

எல்லாம் இனிப்பாக இல்லை. ஒரு குழுப் படத்தின் கீழ் யாரோ சாதிப் பெயர் சொல்லி ஏளனமாக எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை அன்று மாலையே கழற்றினோம். கோப்பில் வைத்திருக்கிறோம், வீசவில்லை. மேற்பரப்பு வேலையில் கல் பொறுக்கிய தன் கொள்ளுப்பாட்டியின் படத்தை முதலில் கொடுத்த பெண் ஒருவர், ரவிக்கை இல்லாத அந்தக் கோலத்தை எல்லோரும் பார்ப்பதை வீட்டில் விரும்பவில்லை என்று திரும்பக் கேட்டார். பெண்கள் வேலை செய்ததைக் காட்டும் மிகச் சில படங்களில் அது ஒன்று. வரலாற்றுக்கு இழப்புதான். ஆனால் கொள்ளுப்பாட்டியிடம் அன்று யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். இன்றாவது ஒருவர் மறுக்க முடிகிறதே. கொடுத்துவிட்டோம்.

ஒரு மனிதர், இரண்டு குடும்பம்

இந்த முறை உண்மையில் சோதனைக்குள்ளானது ஒரு படத்தில். மில் கட்டடத்தின் முன்னால் எடுத்த பெரிய குழுப் படம், அட்டையில் ஒட்டியது. முன்வரிசை நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள், பெயர்களோடு. பின்னால் தலைப்பாகையோடு தொழிலாளர்கள். தரையில் இரண்டு பையன்கள்.

பின்வரிசையில் கடுக்கன் போட்ட ஒருவரைத் தங்கள் கொள்ளுத்தாத்தா என்று லிங்கராஜபுரத்துக் குடும்பம் எழுதியது. மறுநாள் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்த குடும்பம் அதே ஆளைச் சுட்டித் தங்கள் பாட்டனார் என்றது. இரண்டு வரியும் ஒரே தாளில், ஒன்றின் கீழ் ஒன்று. குரல் உயரத் தொடங்கியது.

சாட்சிகளை வரிசைப்படுத்தினோம். சுவரில் பல்புத் தாங்கி இருக்கிறது; எனவே 1902-க்குப் பிறகு. இதே கண்ணாடி நெகட்டிவ் தகட்டிலிருந்து அச்சான போஸ்ட்கார்டு ஒன்று சேகரிப்பாளரிடம் இருந்தது. கார்ன்வாலுக்குப் போன கார்டு. ஏழாம் எட்வர்டின் தலை பொறித்த சிவப்பு ஒரணாத் தபால்தலை. முத்திரையில் ஆண்டு கரைந்துவிட்டது. ஆனால் தபால்தலையில் ‘போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூ’ என்று இருந்தது. அந்த வாசகத்தோடு எட்வர்டு ஒரணா வெளிவந்தது 1906-இல். 1911 கடைசியிலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் தலை வந்துவிட்டது. பழைய தபால்தலையைப் பிற்பாடு ஒட்டியிருக்கலாம். அதனால் மேல் எல்லை கொஞ்சம் நெகிழ்வானது. படம் ஏறத்தாழ 1902-க்கும் 1912-க்கும் இடைப்பட்டது.

லிங்கராஜபுரத்தார் கொண்டுவந்த சர்வீஸ் சான்றிதழில் கொள்ளுத்தாத்தாவின் பிறப்பு 1901. பின்வரிசையில் நிற்பவருக்கு முப்பது வயதாவது இருக்கும். பொருந்தவில்லை. குடும்பத்தின் மூத்தவர் சான்றிதழையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “அப்போ கீழே உக்காந்திருக்கிற பையன்தான் அவரு.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பையனுக்கு எட்டு, ஒன்பது வயது தோன்றுகிறது. கணக்கு இடிக்கவில்லை. நிரூபணமும் இல்லை.

ஆண்டர்சன்பேட்டைக் குடும்பத்திடம் பாட்டனாரின் ஸ்டுடியோப் படம் இருந்தது, திரைச்சீலைப் பின்னணியில் வயதான தோற்றம். முகம் மாறும், மீசை மாறும். காது பெரிதாக மாறாது. இரண்டையும் பெரிதாக்கி இடது காதை ஒப்பிட்டோம். மடல் ஒட்டியிருக்கும் விதம் ஒத்துப்போனது. ஒத்துப்போகிறது என்று மட்டுமே இரண்டாம் வரியில் எழுதினோம். இப்போது அந்தப் பலகையில் இப்படி இருக்கிறது: பின்வரிசையில் இடமிருந்து மூன்றாமவர் தங்கள் பாட்டனார் என்கிறது ஒரு குடும்பம், ஸ்டுடியோப் படத்தோடு காதின் அமைப்பு ஒத்துள்ளது. தரையில் வலப்பக்கச் சிறுவன் தங்கள் கொள்ளுத்தாத்தா என்கிறது இன்னொரு குடும்பம். வயதுக் கணக்கு இடமளிக்கிறது, வேறு சான்று இல்லை.

இரண்டு குடும்பத்துக்கும் இதில் முழுத் திருப்தி இல்லை. சரியான விளக்கம் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உருக்கமாகச் சொல்லப்பட்டது என்பதற்காக ஒரு நினைவை உறுதி செய்துவிட்டால், பெயரே எழுதாத அந்தப் பழைய கம்பெனிக்காரரைவிட நாம் எந்த விதத்தில் பொறுப்பானவர்கள்?

காமிரா போகாத இடம்

சாம்பியன் ரீஃப் கடைசியில் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஊரின் வாழ்வும் சாவும் அங்கேதான். அங்கே எடுத்த பழைய படம் எங்களுக்குக் கைவிரல் எண்ணிக்கையில்கூடக் கிடைக்கவில்லை. எடுக்கவே முடியாத வேலை இல்லை. கார்ன்வால் சுரங்கங்களுக்குள் ஜே. சி. பர்ரோ 1890களிலேயே மெக்னீசிய வெளிச்சத்தில் எடுத்துக் காட்டிவிட்டார். சூடு, ஈரம், புகை, கண்ணாடித் தகட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பாடு எல்லாம் உண்டு. அதற்கு மேல், அந்தச் செலவைச் செய்ய யாருக்காவது ஆர்வம் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு தொகுப்பு, குடும்பங்கள் கொண்டுவந்த பௌத்தச் சங்கப் படங்கள். தலித் சிந்தனையாளரான அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் ‘தமிழன்’ இதழை 1907-இல் தொடங்கிய காலத்திலேயே மாரிக்குப்பத்தில் பௌத்தச் சங்கத்தின் வேர் பிடித்துவிட்டது. அவர் 1914-இல் மறைந்த பிறகு நின்றுபோன இதழ், 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது. இந்தச் சூழலிலிருந்து வந்த கூட்டப் படங்களில், அட்டையின் அடியில் தமிழில் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம். ஒருவர் விடவில்லை. பகலில் மில்லிலும் ஷாஃப்டிலும் பெயரில்லாமல் நின்ற அதே ஆட்கள், காசு சேர்த்து ஸ்டுடியோக்காரரைத் தாங்களே அழைத்தபோது முதலில் செய்த வேலை பெயர் எழுதுவது. இந்தப் படங்களை மில் படங்களுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினோம். அந்தப் பலகைகளில் மூன்றாம் வரி வைக்கவில்லை, தேவைப்படவில்லை.

பங்களா வாசலில் நாயைப் பிடித்து நிற்பவருக்கு மட்டும் கண்காட்சி முடியும்வரை யாரும் உரிமை கோரி வரவில்லை.

நிரம்பிய தாள்கள் இப்போது கணினியில் ஏறிக்கொண்டிருக்கின்றன, எழுதியவர் பெயரோடும் எழுத்துப் பிழையோடும். அடுத்து ஆண்டர்சன்பேட்டையில் வைக்கச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. அங்கே மண்டபம் சின்னது, படங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கிளப், டென்னிஸ், விருந்துப் படங்களில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. குழுவில் இன்னும் முடிவாகவில்லை. மூன்றாம் வரிக்கான தாளை மட்டும் இரண்டு மடங்கு நீளமாக வெட்டச் சொல்லி அச்சகத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.